கடலில் முங்கியவர்கள் கிணற்றில் இறங்கிய நாள்

குற்றாலம் பேரருவிக்கு எதிரே நின்று, தலையைத் துவட்டக்கூட மறந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார் நண்பர். சென்னையில் கணினி வேலை. தூத்துக்குடி, புதுச்சேரி, அந்தமான் என்று எங்கே கடல் இருந்தாலும் ஸ்கூபா உடையை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுகிற ஆள். அருவி பாதி வழியில் ஒரு பாறைக் குழிக்குள் விழுந்து, பிறகு அங்கிருந்து பொங்கி வழிவதைக் கவனித்துவிட்டார்.

"அந்தக் குழி எவ்வளவு ஆழம் இருக்கும்?"

"பத்தொன்பது மீட்டர்னு சொல்வாங்க. பேரு பொங்குமாங்கடல்."

"பேர்லயே கடல் இருக்கு. அதுல டைவ் பண்ண விடுவாங்களா?"

பக்கத்தில் தேங்காய்ப்பூத் துண்டால் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் திரும்பி, எங்கள் எல்லோரையும் மேலும் கீழும் பார்த்தார். "எந்த ஊருவே நீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் நடந்துவிட்டார்.

நாங்கள் ஏழு பேர். அதில் இரண்டு பெண்கள். வருடத்தில் இரண்டு மூன்று தடவை சேர்ந்து கடலுக்குள் போகிற சிறு குழு. ஆடி மாதத்தில் ஒரு வார இறுதியில் தூத்துக்குடி போவதாகத் திட்டம். தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கலங்கிவிட்டது, படகு எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வேனில் காற்று நிரப்பிய சிலிண்டர்கள் சும்மா கிடந்தன. அந்தக் காற்றுதான் தென்காசிப் பக்கம் சாரலைக் கொண்டுவந்து கொட்டுகிறது என்பதால், "அப்படியென்றால் எங்கள் ஊருக்கு வாருங்கள்" என்று நான்தான் கூப்பிட்டேன். எங்கள் ஊர் பாவூர்சத்திரம் பக்கம். குற்றாலத்திலிருந்து அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட.

பொங்குமாங்கடலைப் பற்றி ஒரு வார்த்தை. பேரருவியில் குழந்தைகளும் வயதானவர்களும் நின்று குளிக்க முடிவதற்குக் காரணமே அந்தக் குழிதான். மலையிலிருந்து சிற்றாறு வரும் வேகத்தை அது வாங்கிக்கொண்டு, வடிகட்டி, அடுத்த படியில் நம் தலையில் விடுகிறது. குழி மட்டும் இல்லையென்றால் அந்தத் தண்ணீருக்குக் கீழே ஒருவரும் நிற்க முடியாது. கவசமாக இருக்கிற அதே குழிக்குள் மனிதன் விழுந்தால் பிழைப்பது கஷ்டம். எங்கள் பயிற்சியாளர் அதை ஈரத்தலையோடு அங்கேயே நின்று விளக்கினார்.

கடலில் பதினெட்டு மீட்டர் இறங்குவது முதல் நிலைப் பயிற்சி முடித்தவர்களுக்கே அனுமதிக்கப்பட்ட ஆழம். ஆனால், அருவி விழும் குழியில் பத்தடி ஆழமே போதும் ஆளைக் கொல்ல. அந்த வெள்ளை நுரை தண்ணீர் மாதிரி தெரிந்தாலும் பாதி காற்று. காற்று கலந்த தண்ணீருக்கு அடர்த்தி குறைவு. அதனால் அது நம்மைத் தாங்காது. நல்ல நீச்சல்காரனும் கல் மாதிரி உள்ளே போவான். உள்ளே போனவனை விழுகிற தண்ணீர் அழுத்த, அடியில் சுழல் திரும்பத் திரும்ப அருவியின் காலடிக்கே இழுத்துவரும். முதுகில் சிலிண்டர் இருந்தாலும் எது மேல், எது கீழ் என்று தெரியாது. "காற்று இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. வெளியே வர வழி இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி" என்றார்.

நண்பர் அதற்குப் பிறகு மேலே பார்ப்பதை நிறுத்திவிட்டார். அங்கே ஏற அனுமதியும் கிடையாது என்பதைச் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

அருவியை நம்பி நின்றாலும் அது நம்மைக் கேட்டுக்கொண்டு பெருகுவதில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் ஆட்கள் குளித்துக்கொண்டிருந்தபோதே மலைக்குள் பெய்த மழை வெள்ளமாக இறங்கியது. படிகளில் ஆட்கள் அலறிக்கொண்டு ஓடிய வீடியோவைத் தமிழ்நாடே பார்த்தது. பதினேழு வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். அருவிக்கரையில் வெயில் அடிக்கலாம். மலை மேலே என்ன பெய்கிறது என்பது கீழே நிற்பவர்களுக்குத் தெரியாது. தண்ணீரின் நிறம் திடீரென்று செம்மண் கலந்து மாறினாலோ, சருகும் குச்சியும் சேர்ந்து வந்தாலோ, காவலர் விசில் ஊதுவதற்கு முன்பே வெளியே வந்துவிட வேண்டும். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் தடை போட்டுவிடுவார்கள். தடை போட்டால் திரும்பிப் போங்கள். ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று இடம் மாற்றிக்கொண்டு அலையவேண்டாம். எல்லாம் ஒரே மலைத் தண்ணீர்தான்.

சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதுவும் அருவியில் பயன்படுத்தக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2014-ல் உத்தரவு போட்டது. அதற்கு முன்னால் எண்ணெய் தேய்க்கும் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு அந்தக் காட்சி பிடிக்கும் என்றாலும், இன்றைக்குப் பாறை வழுக்காமல் இருப்பது அதைவிடப் பிடித்திருக்கிறது. மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கிக்கொண்டு, பத்து மணிக்குள் வேன் ஏறிவிட்டோம். மாமா இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.

மாமாவிடம் ஒரு கிணறு இருக்கிறது. அதுதான் அன்றைய எங்கள் 'டைவ் சைட்'.

*

தென்காசிப் பக்கத்துத் தோட்டக் கிணறுகளைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். உறை இறக்கிய வீட்டுக் கிணறு இல்லை இது. வெடி வைத்து, பாறையை வெட்டி, நாற்பதடிக்கு நாற்பதடி அகலத்தில், எழுபதடி ஆழத்துக்கு இறக்கியது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கல் படிகளில் பக்கவாட்டில் இறங்க வேண்டும். ஒரு பக்கம் கமலை கட்டி மாடு ஓட்டிய வாரி, மண் மூடிப்போய் இன்னும் தெரிகிறது. நான் எட்டு வயதில் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீச்சல் படித்தது இதில்தான். எங்கள் செட்டில் அடிவரைக்கும் முங்கி ஒரு பிடி மண் அள்ளி வருபவன்தான் பெரிய ஆள். கோடையில் தண்ணீர் வற்றியிருக்கும்போது பெரிய மாமா ஒருவர் மட்டும் அதைச் செய்திருக்கிறார். ஆடி மாசத்துத் தண்ணீரில் யாரும் அடியைத் தொட்டது கிடையாது. அடியில் கன்னிமார் இருக்கிறார்கள், காலைப் பிடித்துக்கொள்வார்கள் என்று ஆச்சி சொல்லுவாள். பிள்ளைகளை ஆழத்துக்குப் போகவிடாமல் தடுக்க அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

மாமா எங்களை அழைத்தது வேடிக்கைக்கு அல்ல. சுற்றிலும் எல்லாத் தோட்டங்களிலும் போர் போட்டுவிட்டார்கள். ஐந்நூறு, அறுநூறு அடி என்று இறங்குகிறது. மாமாவும் போட்டிருக்கிறார். கிணற்றில் வருடா வருடம் தண்ணீர் குறைகிறது. போதாக்குறைக்குப் போன பங்குனியில் பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவன் பந்து எடுக்க எட்டிப் பார்த்து உள்ளே விழுந்துவிட்டான். களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சேலையை முடிந்து போட்டுத் தூக்கிவிட்டார்கள். அன்று முதல் அத்தை ஒரே பிடியாக இருக்கிறாள்: கிணற்றை மூடிவிட வேண்டும். வீடு இடித்த கற்களை லாரியில் கொண்டுவந்து தட்ட ஆளும் பேசியாகிவிட்டது.

"மூடலாம்தான். ஆனா ஊத்துக்கண்ணு செத்துப்போச்சா, இருக்கான்னு தெரியாம எப்படி மருமவனே மூடுறது? உங்க ஆளுக அடியில போய்ப் பார்ப்பாகளா?" என்று போனிலேயே கேட்டிருந்தார்.

நாங்கள் போனபோது கிணற்றைச் சுற்றி ஊரே நின்றது. "தம்பி, ஆக்சிஜன் எத்தனை மணி நேரம் வரும்?" என்று ஒருவர் கேட்டார். இது எல்லோருக்கும் இருக்கிற சந்தேகம். சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் அல்ல, நாம் சுவாசிக்கிற அதே காற்று. அழுத்தி அடைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பதினோரு லிட்டர் கொள்ளும் சிலிண்டரில் இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் காற்று இருக்கும். பத்து மீட்டர் இறங்கினால் சுற்றியுள்ள அழுத்தம் இரண்டு மடங்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் இரண்டு மடங்கு காற்று செலவாகும். மூச்சை அடக்கவே கூடாது. கீழே அடக்கிய மூச்சு மேலே வரும்போது விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். 1943-ல் பிரான்சில் கூஸ்தோவும் காஞ்ஞானும் சேர்ந்து செய்த கருவிதான் இன்றைய ஸ்கூபாவின் தாத்தா. "எங்க சங்கு குளிக்கிற ஆளுக எதுவுமே இல்லாம போவாகளே" என்றார் ஒருவர். உண்மை. தூத்துக்குடியில் முத்துக்குளித்தவர்கள் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் அடிக்குப் போய் வந்தவர்கள். 1961-க்குப் பிறகு அந்த முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஊருக்கு முத்து நகர் என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது.

பயிற்சியாளர் இறங்கும் முன் மாமாவை ஒரு கேள்வி கேட்டார். "மோட்டார்?"

மாமா மோட்டார் ரூமுக்குப் போய் மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கி வந்து வேட்டி மடிப்பில் கட்டிக்கொண்டார். "நான் இங்கதான் நிப்பேன். என் மடியைத் தொட்டாத்தான் கரண்டு வரும்" என்றார். அடுத்து ஒரு அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டித் தண்ணீர் மட்டம் வரை இறக்கினார். சுடர் மங்கினால் பிராணவாயு இல்லை, இறங்கக் கூடாது என்பது கிணறு வெட்டுகிறவர்களின் பழைய கணக்கு. விளக்கு நன்றாக எரிந்தது. ஆனால், விளக்கு எரிந்தாலே எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. விஷவாயு கொஞ்சமாக இருந்தாலும் ஆளைச் சாய்த்துவிடும், சுடர் அசையாது. பல காலம் மூடிக்கிடந்த, இறைக்காத கிணறு என்றால் எங்கள் ஆட்கள் இறங்கியிருக்கவே மாட்டார்கள். இது திறந்த வாய், தினமும் மோட்டார் ஓடுகிற கிணறு. அன்றுகூட விடியற்காலை ஐந்திலிருந்து எட்டு வரை இறைத்திருந்தார்கள். அது ஏன் முக்கியம் என்பது பிறகு தெரிந்தது.

சிலிண்டர்களைக் கப்பியில் கயிறு போட்டு இறக்கினோம். நாங்கள் படிக்கல்லில் இறங்கினோம். ஒரு தடவைக்கு இரண்டே பேர், பயிற்சியாளர் கயிறு கட்டி மூன்றாவதாக. எனக்கு முதல் சுற்று. கடலில் போடுகிற அளவு ஈயக்கட்டி போட்டால் நல்ல தண்ணீரில் தொபுக்கென்று போய்விடுவோம் என்பதால் இரண்டு கிலோ குறைத்தோம். உப்பு தாங்குகிற மாதிரி நல்ல தண்ணீர் நம்மைத் தாங்காது.

*

பதினைந்து அடிவரை பச்சை வெளிச்சம். சிறு வயதில் நான் பார்த்த அதிகபட்ச ஆழம் அதுதான். சுவரில் கடப்பாறை, வெடிக்குழித் தடங்கள் அப்படியே இருந்தன. கைகளால் வெட்டிய மனிதர்களின் வேலையை இவ்வளவு அருகில் வைத்துப் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. கெண்டைக்குஞ்சுகள் டார்ச் வெளிச்சத்துக்கு வந்தன. முப்பது அடியில் இருட்டு. கடலில் ஆழம் போகப் போக உலகம் பெரிதாகும், கிணற்றில் சுருங்குகிறது. தலைக்கு மேலே வானம் ஒரு சதுரக் கைக்குட்டை அளவில் தெரிந்தது. அதைச் சுற்றி ஊர்க்காரர்களின் தலைகள், விளிம்பில் வைத்த உளுந்து மாதிரி.

நாற்பத்தைந்து அடியில் அடி வந்துவிட்டது. கன்னிமார் இல்லை. பிராந்திப் பாட்டில்கள் இருந்தன, எண்ண முடியாத அளவுக்கு. ஒரு பிளாஸ்டிக் குடம், உடைந்த ஃபுட் வால்வு, ஒரு செல்போன், மூன்று கிரிக்கெட் பந்துகள். பாதி சகதிக்குள் புதைந்து, துருவேறி, பெரிய இரும்புச் சால் ஒன்று கிடந்தது. கமலையில் தண்ணீர் மொண்டது. மாமா பாதாளக் கரண்டி போட்டுத் தேடி எடுக்க முடியாமல் விட்ட பொருள்.

நான் அதைத் தொட்டுப் பார்க்கத் திரும்பினேன். செய்யக் கூடாததைச் செய்துவிட்டேன்: துடுப்புக்காலைத் தரையில் அடித்துவிட்டேன். அரை நொடியில் சகதி கிளம்பி, டார்ச் வெளிச்சம் பால் மாதிரி ஆகிவிட்டது. என் கை எனக்குத் தெரியவில்லை. மேலே போக முயன்றபோது முதுகுப்பக்கம் எதுவோ பிடித்து இழுத்தது.

ஆச்சி சொன்னது அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். முப்பது வருடங்களாக நம்பாத கதை, சரியாக அந்த இடத்தில் நிற்கிறது. இதயம் அடித்த அடியில் காற்று வேகமாகத் தீர்ந்துகொண்டிருந்திருக்கும். பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: நில், மூச்சு விடு, யோசி, பிறகு செய். நின்றேன். நான்கு மூச்சு எண்ணினேன். கயிற்றைப் பிடித்துப் பயிற்சியாளரின் கை என் தோளுக்கு வந்தது. பழைய மோட்டாரோடு அறுந்து விழுந்த நைலான் கயிறு சிலிண்டர் வால்வில் சுற்றியிருந்தது. கத்தியால் இரண்டு இழுப்பு. விடுபட்டுவிட்டேன். மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது என்றார் பிறகு. எனக்கு அது ஒரு ஆடி மாசம்.

மேலே இழுத்துப் போவார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்து வடக்குச் சுவர்ப் பக்கம் கொண்டுபோய், பாறையில் ஒரு வெடிப்பின் மேல் வைத்தார். உள்ளங்கை அகலம் இருக்கும். கையில் குளிர் தட்டியது. ஃபிரிட்ஜைத் திறந்தால் முகத்தில் படுமே, அப்படி. அவருடைய கைக் கணினியில் மேலே 27 டிகிரி காட்டியது இங்கே 25. சகதியில் ஒரு சிட்டிகை எடுத்து வெடிப்புக்கு முன்னால் விட்டார். அது கீழே விழாமல் எங்களை நோக்கி மெதுவாக நகர்ந்து வந்தது.

ஊற்றுக்கண். சாகவில்லை.

காலையில் மூன்று மணி நேரம் இறைத்ததால் கிணற்றில் மட்டம் இறங்கியிருந்தது. அதை ஈடுகட்டப் பாறைக்குள்ளிருந்து தண்ணீர் சுரந்துகொண்டிருந்தது. இறைக்காமல் இருந்திருந்தால் இரண்டு பக்கமும் சமமாகி, எங்களுக்கு எதுவுமே தெரிந்திருக்காது. வெடிப்பின் முக்கால் பங்கைச் சகதி அடைத்துக் கிடந்தது. மீதிக் கால் பங்கில்தான் இத்தனை வருடங்களாகக் கிணறு மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.

மெதுவாக மேலே வந்தோம். நிமிடத்துக்கு ஒன்பது மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது. ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்றோம். அந்த மூன்று நிமிடமும் நான் சதுர வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

*

மாமா ஒன்றும் பேசவில்லை. கேமராவில் எடுத்த படத்தைக் காட்டினோம். சிட்டிகை மண் நகர்ந்து வருகிற அந்தப் பத்து நொடியை ஆறேழு தடவை ஓட்டிப் பார்த்தார். பிறகு அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினார். அத்தை பார்த்துவிட்டு, "இருக்கட்டும். பிள்ளைக விழுந்தா யாரு பதில் சொல்லுவா?" என்றாள். அவள் கேட்டதிலும் தப்பில்லை. தோட்டத்துக் கிணறுகளில் முக்கால்வாசிக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது.

இந்த இடத்தில் திசையன்விளை பக்கத்து ஆயன்குளம் கிணற்றின் பேச்சு வந்தது. 2021 வெள்ளத்தில் குளத்து உபரித் தண்ணீரை வாரக்கணக்கில் குடித்தும் நிரம்பாமல் நின்ற கிணறு. சென்னை ஐ.ஐ.டி. ஆட்கள் வந்து ஆராய்ந்து, அடியில் சுண்ணாம்புப் பாறையில் தண்ணீர் அரித்த குகைகள் இருப்பதாகச் சொன்னார்கள். "நம்ம கிணத்துலயும் குகை இருக்குமா?" என்று ஒரு பையன் கேட்டான். இருக்காது. இது கெட்டிப் பாறை. வெடிப்புகளில் மட்டும்தான் தண்ணீர் ஓடும். அதனால்தான் ஒரு வெடிப்பு அடைபட்டால் ஒரு கிணறே போய்விடுகிறது. கல்லைக் கொட்டி மூடினால் அந்த வழியில் மழைத் தண்ணீர் பாறைக்குள் திரும்பிப் போகவும் வாய்ப்பு குறையும். பக்கத்திலிருக்கும் போர்களுக்கும் அதுதான் கதி.

அடுத்தடுத்த சுற்றுகளில் மற்றவர்கள் இறங்கி நான்கு சாக்குப் பாட்டில்களை மேலே அனுப்பினார்கள். ஊர்க்காரர்கள் சிலர் சாக்கைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தார்கள். கணினி நண்பர் கடைசியாக ஏறி வந்து, "பொங்குமாங்கடலைவிட இது நல்லா இருந்துச்சு" என்றார். அவருக்கு அத்தை தனியாக ஒரு வடை வைத்தாள்.

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று: இதைப் பார்த்துவிட்டுச் சிலிண்டர் வாடகைக்கு எடுத்துக் கிணற்றில் இறங்கிவிடாதீர்கள். முறையான பயிற்சி, கூடவே ஆள், மேலே கயிறு பிடிக்க ஆள், மோட்டாரின் ஃபியூஸ் ஒருவர் மடியில். இதில் ஒன்று குறைந்தாலும் நாங்கள் திரும்பிப் போயிருப்போம். ஆஸ்துமா, காது, இதயப் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஸ்கூபா பக்கமே போகக் கூடாது. கிணற்றில் யாராவது விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். கயிறு, சேலை, மூங்கில் எதையாவது போட்டுவிட்டு 101-க்கோ 112-க்கோ கூப்பிடுங்கள்.

ராத்திரி பிரானூர் பார்டரில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும். ஏழு பேரும் பேசாமல் தின்றோம். பக்கத்து மேஜையில் மாமா போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். கற்கள் வேண்டாம் என்பது காதில் விழுந்தது. அடுத்து, தூர் வாருகிற கிரேனுக்கு ஒரு நாள் வாடகை எவ்வளவு என்று கேட்டார். கைப்பிடிச் சுவருக்கு எத்தனை கல் ஆகும் என்று அத்தை இன்னொரு பக்கம் கணக்குப் போட்டாள். நான்கடி போதாது, ஐந்தடி வேண்டும் என்று நின்றாள். மாமா ஐந்தடிக்கு ஒத்துக்கொண்டார்.

பொதிகை எக்ஸ்பிரஸ் ஏற்றிவிடத் தென்காசி ஸ்டேஷனுக்கு வந்தவர், ரயில் கிளம்பப்போகிற நேரத்தில் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அடுத்த தடவை வரும்போது அந்தச் சாலை எடுத்துக் குடுத்துட்டுப் போங்க மருமவனே. எங்கப்பா வாங்கினது."